அரக்கன் வேறு, மான்ஸ்டர் வேறு

ஜேம்ஸ் வேல் இயக்கி 1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்தேன். தட்டை மண்டையும் கழுத்தில் இரும்பு முனைகளுமாக போரிஸ் கார்லாஃப் மெல்லத் திரும்புகிறார். கீழே ‘அரக்கன்’ என்று ஓடுகிறது. டப்பிங் படமா, திரை விமர்சனமா, எங்கே பார்த்தாலும் மான்ஸ்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அரக்கன்தான்.

லத்தீனில் மான்ஸ்ட்ரம். எச்சரித்தல் என்று பொருள்படும் மோனேரே என்ற வினையின் வழி வந்த சொல். உருக்கெட்டுப் பிறந்த கன்றைக் கண்டால் தெய்வம் எதற்கோ எச்சரிக்கிறது என்று ரோமானியர் அஞ்சினார்கள். நாம் உற்பாதம் என்போமே, ஏறக்குறைய அது. நாளடைவில் சொல் குறியை விட்டு உருவத்தோடு ஒட்டிக்கொண்டது. சரி, பிறப்புக்கதை போதும்.

அரக்கனுக்கு என்ன குறை என்கிறீர்களா? குறையே இல்லை, அதுதான் சிக்கல். புறநானூற்றின் 378ஆம் பாட்டிலேயே சீதையைக் கவர்ந்தவன் ‘வலித்தகை அரக்கன்’. அவனுக்குக் குலம் உண்டு, நாடு உண்டு, தவமும் வரமும் உண்டு, தங்கைக்கு ஒன்றென்றால் பொங்குகிற மானமும் உண்டு. கார்லாஃபின் பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. (ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அதைச் செய்தவரின் பெயர். இதையும் எத்தனை தடவைதான் சொல்வது!) தொடக்கத்தில் வரும் நடிகர் பட்டியலில்கூட அந்தப் பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறிதான் இருக்கும்.

ஏரிக்கரைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமி அதன் கையில் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடுகிறார்கள், பூ மிதக்கிறது. கையிலிருந்த பூ தீர்ந்ததும், இவளும் மிதப்பாள் என்று நம்பி அவளையே தூக்கிப் போட்டுவிடுகிறது. அப்புறம் அதற்கு வருகிற பதற்றம்! இதற்குக் கீழே ‘அரக்கன்’ என்று போட்டால், குழந்தையைக் கொல்லவே வந்தவன் என்று படம் பார்ப்பவர் தீர்ப்பெழுதிவிடுவார். காட்சியே பாழ்.

‘பேய்ப்படம்’ என்று மொத்தமாகக் கட்டுவதும் சரியில்லை. செத்தவர் ஆவியாய் வந்தால் பேய். நம் போர்ப்பாட்டான பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துக் கூட்டமாய்க் குடிக்கும். பிணங்களைத் தைத்து மின்சாரம் பாய்ச்சி எழுப்பியதற்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. பூதமும் ஆகாது. சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதம் தவறு செய்தவரைத் தேடிப் பிடித்துத் தின்னும் காவல் தெய்வம்.

என் கணக்கில் பொருந்துவது ‘விகார உரு’. இலக்கணம் படித்தவர்களுக்கு விகாரம் புதிதல்ல. சொற்கள் சேரும்போது எழுத்தில் வரும் மாற்றம் அது. புதிதாய் வந்தால் தோன்றல், வேறாக மாறினால் திரிதல், மறைந்துபோனால் கெடுதல் என்று நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது. யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் அதற்கு உதாரணம் காட்டவே எடுத்தவை போலிருக்கும். ஃபிராங்கன்ஸ்டைன் செய்தது தோன்றல். 1941இல் லான் சானி ஜூனியர் நடித்த ஓநாய் மனிதன் திரிதல். 1933இல் வந்த கண்ணுக்குத் தெரியாத மனிதன், சந்தேகமில்லாமல் கெடுதல்.

விகாரம் வடசொல்லாயிற்றே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அரக்கனும் பூதமும் மட்டும் எந்த ஊராம்? வடசொல்லே ஆகாது என்பவர்கள் தொல்காப்பியர் சொன்ன ‘திரிபு’ கொண்டு ‘திரிபுரு’ என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. வாயில் நுழையுமா என்பதுதான் சந்தேகம்.

1954இல் வந்த காட்ஸில்லாவுக்கு இதுவும் வேண்டாம். கொரில்லாவையும் திமிங்கிலத்தைக் குறிக்கும் குஜிராவையும் ஒட்டி ஜப்பானியர் வைத்த பெயர் கோஜிரா. அந்த இனத்துக்கே அவர்கள் சொல்லும் கைஜூ, விசித்திர விலங்கு என்றே பொருள்படும். அதை அப்படியே எழுதலாம். ‘ராட்சத அரக்கன்’ என்று ஒரே சொல்லை இரண்டு உச்சரிப்பில் அடுக்குகிறார்களே, அதையாவது நிறுத்துங்கள்.