இருமல் சிரப்பும் பத்தாவாலியும்: இளையோர் திடல்தட வீரர்களின் பெற்றோருக்கு

20 வயதுக்குட்பட்டோருக்கான உலகத் திடல்தடப் போட்டியில் பையன்கள் எறியும் இரும்புக் குண்டு 6 கிலோ, பெரியவர்களுக்கு 7.26 கிலோ. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடுப்பின் உயரமும் 106.7 சென்டிமீட்டரிலிருந்து 99.1-க்கு இறங்குகிறது. வளர்கிற உடம்பு என்று இப்படிச் சிலவற்றைக் குறைத்து வைத்தவர்கள், ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் மட்டும் எதையும் குறைக்கவில்லை. வாடா எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஆண்டுதோறும் வெளியிடும் அந்தப் பட்டியல் ஒலிம்பிக் சாம்பியனுக்கும், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் 17 வயதுப் பிள்ளைக்கும் ஒன்றேதான்.

நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பார்மசி வைத்திருக்கும் மருந்தாளர். மாநில அணிக்கு ஓடும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வருவார்கள், ஊக்கமருந்து பற்றிப் பேச்செடுத்தாலே முகம் மாறிவிடும், “எங்க பிள்ளை அப்படிப்பட்டவன் இல்ல சார்” என்பார்கள். எனக்கும் அது தெரியும். நான் கவலைப்படுவது ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளையைப் பற்றி அல்ல. வீட்டு மருந்து டப்பாவைப் பற்றித்தான், அப்புறம் பாட்டி காய்ச்சிக் கொடுக்கும் கஷாயத்தைப் பற்றி.

விதி கடுமையானது. சிறுநீரில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால் பொறுப்பு வீரருடையது, எப்படி உள்ளே போனது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. நம் புக்கிட் மெர்தாஜாம்காரர், பூப்பந்து வீரர் லீ சோங் வெய்க்கு 2014-இல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உலகப் பூப்பந்துப் போட்டியில் எடுத்த மாதிரியில் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் இருந்தது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை, அவர் சாப்பிட்ட கார்டிசெப்ஸ் என்னும் மருத்துவக் காளான் மாத்திரையின் உறையிலிருந்து வந்தது என்று விசாரணைக் குழுவே ஏற்றுக்கொண்டது. அப்படியும் 8 மாதத் தடை, வெள்ளிப் பதக்கமும் போனது. அவ்வளவு பெரிய வீரருக்கே அந்த நிலை என்றால், மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு யார் துணை?

முதலில் சளி, இருமல், மூச்சிரைப்பு. கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை, புகைமூட்டக் காலத்தில் கேட்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரைகள் பலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கிறது. போட்டி நேரத்தில் அது சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். போட்டி நேரம் என்பது ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடுகிறது, ஆக காலையில்தான் ஓட்டம், ராத்திரி ஒரு மாத்திரை போட்டுப் படுத்தால் என்ன என்று நினைக்க முடியாது. லோராடடின், செட்ரிசின், பாரசெட்டமால் போன்றவற்றில் பிரச்சினை இல்லை. ஆனால் அதே லோராடடினோடு சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரையும் ஏறக்குறைய அதே பெயரில் விற்கிறது, அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆஸ்துமாவில் இன்னும் கவனம் வேண்டும். சல்புட்டமால் இன்ஹேலருக்கு அனுமதி உண்டு: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக்கூடாது. வழக்கமான இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம் என்பதால் 8 மணி நேரத்துக்கு ஆறு அழுத்தல்தான். அதே சல்புட்டமாலை மாத்திரையாகவோ சிரப்பாகவோ குடித்தால் எப்போதும் தடை. கிளினிக்கில் மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாக ‘கேஸ்’ வைப்பார்களே, அதில் ஒரு தடவைக்கு ஊற்றுவதே 2.5 முதல் 5 மில்லிகிராம், அதாவது 2,500 மைக்ரோகிராமிலிருந்து தொடங்குகிறது. சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெர்புட்டலினை இன்ஹேலராக எடுத்தாலும் சிகிச்சைக்கான விலக்கு என்னும் சிறப்பு அனுமதி வேண்டும். இதைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது கேஸ் வைக்காமல் இருந்துவிடாதீர்கள். உயிர்தான் முதலில், அவசரச் சிகிச்சைக்குப் பின்னாலும் விலக்கு கேட்க வழி இருக்கிறது.

அடுத்தது நாட்டு மருந்து. இதைச் சொன்னால்தான் என் மேல் கோபம் வருகிறது. பத்தாவாலி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கொடியை நம் வீடுகளிலும் சர்க்கரைக்கும் காய்ச்சலுக்கும் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். அதில் சல்புட்டமாலைப் போல மூச்சுக்குழாயை விரிக்கும் ஹிஜெனமின் இருப்பதாக வாடாவே குறிப்பிட்டிருக்கிறது; ஹிஜெனமின் ஆண்டு முழுவதும் தடைசெய்யப்பட்ட பொருள். நம் சீந்தில் அதற்கு நெருங்கிய உறவுச் செடி என்பதால் அதையும் ஓடுகிற பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சீனர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் தாமரை விதையின் பச்சை முளையிலும் ஹிஜெனமின் உண்டு.

வலிக்கு உடனே கேட்கிறது என்று இரவுச் சந்தையில் விற்கும் ஜாமு, மாஜுன் என்னும் மூலிகை மருந்து வகைகளை என்ன சொல்வது! பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதை நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவிக்கிறது. எடை குறைக்கும் காப்பியில் பசியை அடக்கும் சிபுட்ராமின் சிக்கியிருக்கிறது, அதுவும் போட்டி நேரத்தில் தடை. எம்.ஏ.எல். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அந்த எண் இருந்தால் அது சுகாதார அமைச்சின் கீழ் பதிவான மருந்து என்றுதான் பொருள், விளையாட்டு வீரர் சாப்பிடலாம் என்று பொருள் இல்லை.

18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தண்டனையில் சலுகை உண்டு, சில நேரம் எச்சரிக்கையோடு விடுவார்கள். ஆனால் அந்தப் போட்டியின் முடிவு ரத்தாவதை யாரும் தடுக்க முடியாது. 4x100 அஞ்சல் ஓட்டமென்றால் ஒருவரின் மாதிரி தவறினாலும் நால்வரின் பதக்கமும் போய்விடும். இந்தியாவின் நீரஜ் சோப்ரா 2016-இல் போலந்தின் பிட்கோஷ்ச்சில் ஈட்டியை 86.48 மீட்டர் எறிந்து உலகுக்குத் தெரியவந்தது இதே இளையோர் போட்டியில்தான். அப்படியொரு வாசல் ஒரு பாட்டில் சிரப்பினால் அடைபட்டால் எப்படித் தாங்குவது?

அதனால் மருந்து அவசியமான பிள்ளைக்கு, போட்டிக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே மருத்துவரின் அறிக்கையோடு சிகிச்சைக்கான விலக்குக்கு விண்ணப்பியுங்கள். நம் நாட்டில் அதைப் பார்ப்பது மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான அடாமாஸ், அனைத்துலக நிலை வீரர் என்றால் உலகத் திடல்தடச் சம்மேளனம். கிளினிக்கில் உட்கார்ந்ததுமே “என் மகள் ஓட்டப்பந்தய வீராங்கனை, சோதனை நடக்கும்” என்று சொல்லிவிடுங்கள், எழுதிக்கொடுக்கும் கை அங்கேயே வேறு மருந்துக்கு மாறும். பரிசோதனை அறைக்குள் பிள்ளை தனியாகப் போக வேண்டியதில்லை, பயிற்றுநரோ குழு மருத்துவரோ கூட வரலாம் என்பதைப் பயணத்துக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். அங்கே கொடுக்கும் படிவத்தில் கடைசி 7 நாட்களில் சாப்பிட்ட மருந்து, வைட்டமின் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள், பதற்றத்தில் பெயர் ஞாபகம் வராது. மருந்து அட்டைகளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் பிள்ளையின் கைப்பேசியில் போட்டு அனுப்புங்கள்.