தாத்தா பேர் என்னவென்று கேட்டுப் பாருங்கள்

வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடுகள். பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள்.

போன பிப்ரவரி 14 அன்று சத்துவாச்சாரியில் ஒரு ஆயா வீட்டில் இருந்தேன். விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். டிவியில் காதலர் தின நிகழ்ச்சி. "இன்னா பாப்பா, இன்னிக்கி பூரா இதானா? மாத்து" என்றார். மாற்றிவிட்டு, "தாத்தா பேர் என்ன ஆயா?" என்று கேட்டேன்.

புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழகாத தலைமுறை. கொஞ்ச நேரம் சிரித்தார். "பழநியில கோலோட நிக்கிறாரே, அவரு பேரு" என்றார். அப்புறம் பேச்சு நிற்கவில்லை. சம்பள நாளில் தாத்தா நேதாஜி மார்க்கெட்டில் இரண்டு முழம் மல்லி வாங்கி வருவாராம். கையில் கொடுக்க மாட்டாராம். விளக்கு மாடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கால் கழுவப் போய்விடுவாராம். வழக்கமாக வாக்கரில் வாசற்படி வரை வந்ததுமே "போதும்" என்பவர், அன்று கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படம் வரை நடந்தார்.

தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு. ஆள் நிறைந்த வீட்டிலும் காது மந்தமானவர் பேச்சில் சேர முடியாமல் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னது. மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் எல்லாவற்றுக்கும் அது வாய்ப்பைக் கூட்டுகிறது. நான் கண்ணால் பார்ப்பது இன்னும் எளிது: பேச ஆளில்லாதவர் பயிற்சியை விட்டுவிடுகிறார், எழுந்து நடப்பதில்லை, கால் தசை கரைகிறது, மறுபடி விழுகிறார்.

துணையை இழந்தவர்களுக்குக் காதலர் தினத்தில் பரிசு எதுவும் வேண்டாம். இறந்தவரைப் பற்றிக் கேளுங்கள். அழுதுவிடுவார்களோ என்று பயந்து நாம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அழட்டும், பக்கத்தில் இருங்கள். பூ வாங்கிப் போகலாம். கணவரை இழந்தவருக்குப் பூ கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் வற்புறுத்தாதீர்கள், படத்துக்குப் போட்டால் போதும் என்றால் அதுவும் சரி.

ஒரு எச்சரிக்கை. ஃபேஸ்புக்கில் அன்பாகப் பேசிப் பணம் பறிப்பவர்கள் தனியாக இருப்பவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். பணம் போயிருந்தால் திட்டாதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்து, "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் அதை வயசு என்று தள்ளாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567.

கம்மவான்பேட்டையில் ஒரு பெரியவர். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் ஊர் அது, இவரும் ரிட்டயர்டு சிப்பாய். ஒரு நாள் டிரங்க் பெட்டியைத் திறந்து ஒரு கட்டு இன்லண்ட் லெட்டரைக் கொடுத்து, கண் தெரியவில்லை, படி என்றார். எல்லாம் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரிக்கு மனைவி அனுப்பியவை. அந்தம்மாவுக்கு எழுதத் தெரியாது, எதிர்வீட்டுப் பெண் எழுதித் தந்தது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அந்தம்மா கையால் போட்ட ஒரு சின்னப் புள்ளிக் கோலம் மட்டும் இருக்கும்.

மகன் தினமும் போன் செய்கிறவர்தான். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு முடிந்துவிடும். கடிதங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது. பெரியவரிடம் கேட்டுக்கொண்டு மகனிடம் சொன்னேன். இப்போது ராத்திரி வீடியோ காலில் பெரியவர் கடிதத்தை போன் முன்னால் பிடிக்கிறார், மகன் படிக்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றுதான், இரண்டாவது கிடையாது என்று பெரியவர் கட்டளை.