செருகுநிரல் வேறு, நீட்சி வேறு

"உலாவியில் ஒரு விளம்பரத் தடுப்புச் செருகுநிரலை நிறுவிக்கொள்ளுங்கள்." தமிழில் கணினிக் குறிப்பு எழுதுகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிற வரி. யூபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பான் செருகுநிரல் (பிளகின்) அன்று, நீட்சி (எக்ஸ்டென்ஷன்).

ரெண்டும் ஒண்ணுதானே என்பவர்கள், விண்டோஸிலோ லினக்ஸிலோ ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து கண்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தட்டும். வரும் பக்கத்தின் இடது ஓரத்தில் எக்ஸ்டென்ஷன்களுக்குத் தனிப் பிரிவு, பிளகின்களுக்குத் தனிப் பிரிவு. பிளகின் பிரிவில் வழக்கமாகக் காணொளி வேலைக்கான இரண்டே பெயர்கள் இருக்கும்: சிஸ்கோவின் ஓப்பன்ஹெச்264, கூகுளின் வைட்வைன். "பக்கம் சரியாக வரவில்லையா, செருகுநிரலை முடக்கிப் பாருங்கள்" என்ற அறிவுரையைச் சொல் மாறாமல் பின்பற்றுகிறவர் நேரே இங்கே வந்து வைட்வைனை முடக்குவார். அத்தோடு கட்டணப் படத் தளங்களில் படம் ஓடாது. பக்கத்தைக் கெடுத்த விளம்பரத் தடுப்பானோ அடுத்த பிரிவில் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும்.

பிளக், டச்சு வழி வந்த சொல். துளையை அடைக்கும் தக்கை. எக்ஸ்டென்ஷன் லத்தீன், வெளிநோக்கி நீட்டுவது. வேர்ச்சொல்லுக்கு இதற்கு மேல் நேரம் வேண்டாம்.

தமிழில் செருகு என்பது நல்ல சொல். (சொருகு என்பது பேச்சுவழக்கு, எழுத்தில் செருகு.) கொசுவத்தை இடுப்பில் செருகுகிறோம், பூவைக் கொண்டையில் செருகுகிறோம். செருக ஓர் இடுக்கு வேண்டும், செருகிய பொருள் தன் வடிவம் கெடாமல் தனியாக நிற்கும், உருவினால் வந்துவிடும். பழைய பிளகின் அச்சாக இதுதான். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 என்ற பழைய உலாவி கொண்டுவந்த என்பிஏபிஐ என்ற பிளகின் முறையில், பக்கம் ஒரு செவ்வகத்தை ஒதுக்கிக் கொடுக்கும். அதற்குள் ஃபிளாஷோ ஜாவாவோ குவிக்டைமோ தானே வரைந்துகொள்ளும். விண்டோஸில் அது என்பி என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் கோப்பு. கணினியில் உங்களுக்கு இருக்கிற உரிமை முழுக்க அதற்கும் இருக்கும். அதில் ஓட்டை விழுந்தால் கணினியிலேயே ஓட்டை. அதனால்தான் குரோம் 2015 செப்டம்பரில் 45ஆம் பதிப்போடு இந்த முறையைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்பில் ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்தது. 2021 ஜனவரியில் 85ஆம் பதிப்பில் அதுவும் போனது. செருகுநிரல் என்று யாராவது பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள் என்றால் அது இவற்றுக்குத்தான். இறந்தவர் பெயரை உயிரோடிருப்பவருக்குச் சூட்டுவது நம் வீட்டு வழக்கம்தான், கலைச்சொல்லுக்கு ஆகாது.

எக்ஸ்டென்ஷன் எந்தச் செவ்வகத்துக்குள்ளும் உட்காருவதில்லை. கருவிப்பட்டையில் ஒரு பொத்தான், வலச்சொடுக்குப் பட்டியலில் ஒரு வரி, பின்னணியில் ஒரு நிரல் என்று உலாவியின் உடம்பே அங்கங்கே நீள்கிறது. ஆள் ஆட்சி ஆனதுபோல, மாண் மாட்சி ஆனதுபோல, நீள் நீட்சி ஆகிறது. இதைவிட இயல்பாக ஒரு சொல் அமையாது.

"நீட்சியும் பக்கத்துக்குள் தன் நிரலைச் செருகத்தானே செய்கிறது" என்று ஒரு வாதம் உண்டு. செய்கிறதுதான். ஆனால் அது பக்கத்துக்குச் செய்யும் வேலை, உலாவியோடு அதற்குள்ள உறவு அன்று. பழைய நூல்களில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த பாட்டை இடைச்செருகல் என்கிறோம். நுழைத்தவரையே செருகல் என்று கூப்பிடுவதில்லை. தவிர, கீற்றுகளை (டேப்) அடுக்கிவைப்பது போன்ற வேலை செய்யும் நீட்சிகள் பக்கத்தைத் தொடுவதே கிடையாது.

இன்னொரு போட்டியாளர் நீட்டிப்பு. குரோமின் தமிழ் முகப்பில் பார்க்கலாம். இலக்கணப் பிழை என்று இதைத் தள்ள முடியாது. இணைப்பு, சீப்பு என்று -ப்பு விகுதி பொருளுக்கும் வரும். சிக்கல் வேறு. பணி நீட்டிப்பு, கால நீட்டிப்பு, காவல் நீட்டிப்பு என்று நாளிதழ்கள் அந்தச் சொல்லைக் கெடுவுக்கே எழுதிக்கொடுத்துவிட்டன. ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் கடவுச்சொல் காப்பானில் "நீட்டிப்பு அகற்றப்பட்டது" என்று வந்தால் போனது சந்தாவா, நிரலா? இது போதாதென்று கோப்புப் பெயரின் வால் பகுதியையும் நீட்டிப்பு என்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிக் கோப்பின் வால் எக்ஸ்பிஐ; ஆக "இந்த நீட்டிப்பின் நீட்டிப்பு எக்ஸ்பிஐ" என்று எழுதவேண்டிய கதி. திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றினால் இப்படித்தான் வரும். எக்ஸ்டென்ஷன் என்ற கட்டத்துக்கு எதிரே ஒரு சொல்லை நிரப்பியாயிற்று, அடுத்த கட்டம். அது எந்தப் பொத்தானில், எந்த எச்சரிக்கையில் வந்து உட்காரும் என்று கேட்பாரில்லை.

நீட்சி, தோற்றம் (தீம்) எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லத் துணைநிரல் (ஆட்-ஆன்) இருக்கிறது. இணையதளம் அமைக்கும் வேர்ட்பிரஸில் போடுவது செருகுநிரலாகவே இருக்கட்டும்; அங்கே பெயரே பிளகின்தான், குழப்பமில்லை. கோப்பின் வாலுக்குப் பின்னொட்டு என்றால் பள்ளிக்கூட இலக்கணம் படித்த எவருக்கும் புரியும்.

சொல் பிரிந்தால் வேலையும் தெளிவாகச் சொல்ல வரும். ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் அபவுட்:சப்போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, சுயவிவரக் கோப்புறையைத் திறங்கள். அதிலுள்ள எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்புறையில் நிறுவிய நீட்சி ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ்பிஐ கோப்பாக இருக்கும். ஒன்றை வேறிடத்துக்குப் படியெடுத்து, படியின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றி விரியுங்கள். அசலின் பெயரில் கைவைத்தால் உலாவிக்கு அந்த நீட்சி காணாமல் போய்விடும். விரித்ததில் மேனிஃபெஸ்ட் ஜேசன் கோப்பைத் திறந்தால், அந்த நீட்சி என்னென்ன அனுமதி கேட்கிறது, எந்தெந்தத் தளங்களில் நுழைகிறது என்பது வரிவரியாக இருக்கும்.