ஈஸ்ட்டை நொதி என்று எழுதாதீர்கள்

இலையுதிர்காலம் தொடங்கினால் போதும், பூசணி விழுதும் இலவங்கப்பட்டையும் சேர்த்து வீட்டிலேயே சுடும் ரொட்டிக்குத் தமிழிலும் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். நல்லதுதான். ஆனால் 'வெதுவெதுப்பான பாலில் இரண்டு தேக்கரண்டி நொதியைக் கரைக்கவும்' என்று எத்தனை முறைதான் படிப்பது? பாலில் கரைப்பது ஈஸ்ட்.

ஈஸ்ட் பழைய ஆங்கிலச் சொல். நுரைத்தல், பொங்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். அது ஒற்றைச் செல் பூஞ்சை, உயிருள்ளது. சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுவதால் மாவு உப்புகிறது.

நொதிக்கு உயிர் கிடையாது. உயிரணுக்கள் உண்டாக்கும் புரதம் அது. பாடநூல்கள் என்சைமுக்குத் தரும் பெயர். நொதிக்க வைப்பதெல்லாம் நொதி என்று நினைத்துவிடுகிறார்கள். என்சைம் என்ற சொல்லுக்கே கிரேக்க மூலத்தில் 'ஈஸ்ட்டுக்குள் இருப்பது' என்றுதான் பொருள். ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த, உயிரணு இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று ஜெர்மன் வேதியியலாளர் எடுவார்ட் புக்னர் 1897இல் காட்டினார். 1907இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அன்றே பிரித்துவைத்ததை நாம் ஏன் மறுபடி ஒன்றாக்க வேண்டும்?

ரொட்டி மாவில் இரண்டும் உண்டு என்பதுதான் சிக்கலே. கோதுமை மாவிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அதை ஈஸ்ட் தின்னும். இவர்கள் வழியில் எழுதினால் 'நொதி தந்த சர்க்கரையை நொதி தின்கிறது' என்றாகும். இலவங்கப்பட்டை கூடினால் மாவு மெதுவாக உப்புவதற்குக் காரணம், அது ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தடுப்பது. அதையும் 'நொதியைத் தடுக்கும்' என்று எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

ஈஸ்ட்டைப் 'புளிப்பு' என்பதும் சரியில்லை. புளிப்பைத் தருவது லாக்டிக் அமில பாக்டீரியா. இந்த ரொட்டி உப்ப வேண்டும், புளிக்கக் கூடாது.

ஈஸ்ட்டுக்கு மதுவம் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. மது என்றால் சாராய நினைவு வருகிறதே என்பார்கள். வரட்டும், ரொட்டி மாவிலும் ஈஸ்ட் ஆல்கஹாலை உண்டாக்கத்தான் செய்கிறது, சுடும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மதுவம் பிடிக்கவில்லையா, ஈஸ்ட் என்றே எழுதுங்கள். தூய தமிழ் என்று சொல்லிக்கொண்டு வேறொன்றின் பெயரை எடுத்து ஒட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், active dry yeast என்பதை 'செயலில் உள்ள வறண்ட நொதி' என்று அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைக்கிறார்களே, மாவு பிசைந்த எவரும் அப்படி எழுதமாட்டார். அது உலர் மதுவம். வெதுவெதுப்பான நீரில் நுரைக்க விட்டுச் சேர்ப்பது. நேரே மாவில் கலப்பது உடனடி மதுவம் (instant yeast).