சாவியும் காரும் பேசிக்கொள்ளும் இடங்கள்

சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டதும் கார் திறந்துகொள்ளும் அந்த நொடிப்பொழுதில், இரண்டு வகை ரேடியோ அலைகள் எதிரெதிர்த் திசைகளில் சென்று வருகின்றன. பழுதைத் தேடுபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே. ஏனெனில் காரிலிருந்து போகும் அலைக்கும் சாவியிலிருந்து வரும் அலைக்கும் உரிய பாகங்கள் வெவ்வேறு இடங்களில் பொருத்தப்பட்டிருக்கின்றன.

கைப்பிடியில் உள்ள உணரி விரல் பட்டதை அறிந்ததும், கட்டுப்பாட்டுப் பெட்டி அதே கைப்பிடிக்குள் இருக்கும் ஆன்டெனா வழியாகச் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும். ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான தண்டின்மீது செம்புக் கம்பி சுற்றிய சுருள்தான் அந்த ஆன்டெனா. அதன் காந்தப்புலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்குள் வலுவிழந்துவிடும். சாவி எந்தக் கதவருகே இருக்கிறது என்று கார் அறிந்துகொள்வதற்காக வேண்டுமென்றே அமைத்த எல்லை அது. இத்தகைய சுருள்கள் காரின் உட்பகுதியிலும் டிக்கியருகிலும் உண்டு. அந்த அலை பட்டதும் விழித்துக்கொள்ளும் சாவி, நாட்டைப் பொறுத்து 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸில் மறைகுறியாக்கிய பதிலை அனுப்புகிறது. அதை வாங்கும் ரிசீவர் டேஷ்போர்டுக்குப் பின்னாலோ கூரைத் துணிக்கு மேலோ இருக்கலாம். அந்தந்த மாடலுக்குரிய சர்வீஸ் கையேடுதான் சரியான இடத்தைக் காட்டும்.

ஆகவே, கதவின் உட்பலகையைக் கழற்றுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். ஒரு கதவு மட்டும் தொடுகைக்குத் திறக்கவில்லை என்றால் சந்தேகம் அந்தக் கைப்பிடியின்மீது விழ வேண்டும். சாவியின் பொத்தானும் தொடுகையும் எல்லாக் கதவுகளிலும் பலிக்கவில்லை என்றால், சாவியின் பேட்டரியை முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். பல சாவிகளில் இருப்பது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் நாணய பேட்டரி. மல்டிமீட்டர் 3 வோல்ட் காட்டுவதை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல அளவைக் காட்டினாலும், சாவி அலையை அனுப்பும் கணத்தில் அதன் மின்னழுத்தம் சரிந்துவிடும். பேட்டரி தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்தால் பல கார்களில் எஞ்சின் இயங்கும். சாவிக்குள் இருக்கும் சிப் காரின் சுருளிலிருந்தே மின்சாரத்தைத் தூண்டலால் பெற்றுக்கொள்கிறது.

அதிகம் கவனிக்கப்படாத இடம் ஒன்றுண்டு: கதவுக்கும் அது மாட்டியிருக்கும் கார் உடலின் தூணுக்கும் இடையே உள்ள ரப்பர் உறை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அதனுள் செல்லும் கம்பிகள் மடங்கி நிமிர்கின்றன. ஆண்டுகள் போகப் போக, மேல் இன்சுலேஷன் நன்றாகவே இருக்க, உள்ளே செம்பு அறுந்துவிடும். கதவை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால் மட்டும் பூட்டு இயங்குகிறது என்றால் அங்கேதான் தேட வேண்டும்.

கதவின் உட்பலகையைக் கழற்றுமுன் கார் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் சார்ந்த உணரிகள் கதவுக்குள் இருக்கக்கூடும். பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நீர்த்தடுப்புத் தாளைக் கிழிக்காமல் பிரித்து, வேலை முடிந்ததும் இடைவெளியின்றி மீண்டும் ஒட்ட வேண்டும். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் அந்தத் தாளைத் தாண்டினால் உட்பலகையையும் காரின் தரையையும் நனைத்து, வழியில் உள்ள கனெக்டர்களையும் அரிக்கத் தொடங்கும்.