மணத்துக்குக் காரம் கிடையாது

‘குளிர்ந்த வானிலை மாலைகளுக்கான காரமான தோல் மற்றும் ரோஜா வாசனை திரவியம்.’ ஒரு விற்பனைத் தளத்தின் தமிழ்ப் பக்கத்தில் ஒரு சென்ட் புட்டியின் கீழ் இப்படி எழுதியிருந்தது. காரமான ரோஜா, காரமான சந்தனம், காரமான வெனிலா என்று இதே சொல்லைப் புட்டி புட்டியாகப் படித்துவிட்டேன். இந்த முறை பேசாமல் நகர முடியவில்லை.

மூலச்சொல் ஆங்கில ‘ஸ்பைஸி’. ‘ஸ்பைஸ்’ என்பதன் வேர், வகை என்று பொருள்படும் ‘ஸ்பீசீஸ்’ என்ற லத்தீன் சொல். பிற்கால லத்தீனில் அது சரக்கு வகைகளைக் குறித்தது; பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ஏலம், கிராம்பு, பட்டை, மிளகு போன்ற சரக்குகளுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. ஆகவே ‘ஸ்பைஸி’ என்றால் முதலில் அந்தச் சரக்குகள் சேர்ந்தது, அவை மணப்பது என்றே பொருள். நாக்கு எரிவது அதன் இன்னொரு பொருள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. தமிழ் அப்படிச் செய்யவில்லை. நமக்குக் காரம் வேறு, வாசனை வேறு. இருந்த தெளிவைக் கைவிட்டு, ஆங்கிலத்தின் குழப்பத்தை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

‘காரம்’ நாக்குக்கு உரிய சொல். அறுசுவையில் அதன் பெயர் கார்ப்பு; ஈழத்தில் உறைப்பு. ‘க்ஷாரம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்த காரம் அரிக்கும் தன்மையுள்ள உப்பையும் குறிக்கும். பள்ளி வேதியியலில் அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பது அந்தக் காரம்தான். பத்தாம் வகுப்பு மாணவன் ‘காரமான திரவியம்’ என்பதைப் படித்தால், சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்வான். அவனைக் குறை சொல்ல முடியாது.

‘மிளகு காரம்தானே, அதன் மணத்தைக் காரமான மணம் என்றால் என்ன தவறு?’ என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். இங்கேதான் பொருள் அறிவு துணைக்கு வருகிறது. மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். அது ஆவியாகிப் பறப்பதில்லை. மிளகை நீராவியில் வடித்து எடுக்கும் எண்ணெயில் மிளகின் மணம் முழுவதும் இருக்கும்; காரம் இருக்காது. வாசனைக் கலைஞர்கள் பயன்படுத்துவது அந்த எண்ணெயைத்தான். மிளகாயை எரிய வைக்கும் கேப்சைசினுக்கோ மணமே கிடையாது. அப்படியானால் மிளகாய் வறுக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அது என்ன? அதற்கும் தமிழில் தனிச்சொல் இருக்கிறது: நெடி. நெடி இருமலையும் தும்மலையும் கொண்டுவரும். அதற்காக யாரும் பணம் கொடுத்துப் புட்டி வாங்குவதில்லை. காரம், நெடி, மணம் என்று மூன்றையும் பிரித்து வைத்திருக்கும் மொழியில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடுவதை மொழிபெயர்ப்பு என்று ஏற்க என்னால் முடியாது.

வார இதழ் நடையில் சிலர் ‘மசாலா மணம்’ என்கிறார்கள். பொருளளவில் இது காரத்தைவிட நெருக்கமானது. ஆனால் தமிழ்க் காதில் மசாலா என்றால் வெங்காயமும் பூண்டும் வதங்கும் வாணலி. இந்தச் சென்ட்டில் அந்த வாணலி இல்லை. ரோஜாவோடு கிராம்பைச் சேர்ப்பது வாசனைக் கலையில் பழைய வழக்கம். கிராம்பின் உயிரான யூஜினால் என்ற பொருள் ரோஜா எண்ணெயிலும் சிறிதளவு உண்டு. அதனால்தான் இரண்டும் உடன்பிறந்தவை போலப் பொருந்துகின்றன. இந்த நுட்பத்தை மசாலா என்ற சொல் மூடிவிடுகிறது.

இனி தனித்தமிழ் அன்பர்களின் ‘விரைமணம்’. இதை மறுக்க எனக்கு மனமில்லை, ஆனாலும் மறுத்தாக வேண்டும். விரை என்பது மணப்பொருளுக்கு உரிய அழகான பழஞ்சொல். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ‘பத்துத் துவரினும் ஐந்து விரையினும் முப்பத்திரு வகை ஓமாலிகையினும்’ ஊறிய நீரில் கூந்தலை நீராட்டுகிறாள். ஆனால் அந்த ஐந்து விரை எவை? கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று உரை எண்ணிக் காட்டுகிறது. எல்லாம் கட்டையும் வேரும் பிசினும். கிராம்பும் ஏலமும் அதில் இல்லை. அவை ஓமாலிகை என்னும் முப்பத்திரண்டு மணச்சரக்குகளின் பட்டியலில் வருகின்றன. வாசனைக் கலையில் ‘ஸ்பைஸி’ ஒரு குடும்பம், ‘உட்டி’ என்னும் மரமணம் வேறொரு குடும்பம். விரைமணம் என்று எழுதினால் இரண்டாம் குடும்பத்தின் பெயரை முதல் குடும்பத்துக்குச் சூட்டியதாகும். போதாததற்கு, இன்றைய வாசகருக்கு விரை என்றால் விரைவு, அல்லது மருத்துவர் சொல்லும் உடலுறுப்பு. தூய்மை என்ற ஒரே காரணத்துக்காக, பொருளும் பொருந்தாத, கேட்பவருக்கும் எட்டாத சொல்லை நிறுத்துவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. பழந்தமிழ்ச் சொல்லை எடுப்பவர் அது எந்தப் பொருளைக் குறித்தது என்று உரையையும் திறந்து பார்க்க வேண்டும்.

நான் முன்வைக்கும் சொல் ‘பஞ்சவாசம்’. இலவங்கம் (கிராம்பு), ஏலம், சாதிக்காய், தக்கோலம், கற்பூரம் என வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் ஐந்து மணச்சரக்குகளுக்கு அகராதிகள் தரும் பெயர் அது. கற்பூரத்தைத் தவிர மற்றவை அப்படியே ‘ஸ்பைஸி’ குடும்பத்தைச் சேர்ந்தவை. வாசம் வடசொல் என்பார்கள். ஐவாசம் என்றாலும் அது போகாது. ஆனால் மாதவியின் கூந்தலையே ‘வாச நாறிருங் கூந்தல்’ என்று பாடிய மொழிக்கு அந்தச் சொல் அன்னியமன்று. பஞ்சவாச ரோஜா என்றால் தாம்பூலத் தட்டு நினைவுக்கு வரும். மணமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. இதுவும் கடினம் என்று தோன்றினால் எந்தச் சரக்கோ அதன் பெயரையே சொல்லிவிடலாம்: கிராம்பு மணக்கும் ரோஜா, ஏலம் மணக்கும் சந்தனம். ‘மணக்கும்’ என்ற வினை இருக்கும்போது ‘ஆன’ போட்டுப் பெயரடை செய்யும் பழக்கம் நமக்கு எதற்கு?

அடுத்தது ‘தோல்’. தோல் வாசனைத் திரவியம் என்று மட்டும் எழுதினால் உடம்பின் தோலில் பூசுவது என்றே படிக்கத் தோன்றும். இன்னொரு தளம் ‘சருமம்’ என்றே எழுதிவிட்டது. இங்கே சொல்லப்படுவது பதனிட்ட தோல். தென் பிரான்சின் கிராஸ் நகரம் வாசனைத் தலைநகராவதற்கு முன் தோல் பதனிடும் ஊர். பதனிட்ட தோலின் துர்நாற்றத்தை மறைக்கக் கையுறைகளில் நறுமணம் ஏற்றினார்கள். 1614இல் பிரெஞ்சு அரசு கையுறை செய்வோரைக் கையுறை - வாசனைத் தொழிலாளர் என்றே அங்கீகரித்தது. பின்னாளில் மணம் தோலை விட்டுப் பிரிந்து தனித்தொழிலானது. ரஷ்யாவில் பூர்ஜ (பிர்ச்) மரப்பட்டையின் தார் எண்ணெய் ஏற்றிப் பதப்படுத்திய தோலின் புகைமணத்தைப் பின்பற்றி ‘ரஷ்யத் தோல்’ என்ற பெயரிலேயே சென்ட்டுகள் வந்தன. இன்றும் புட்டிக்குள் தோல் கிடையாது. அந்தத் தார், குங்குமப்பூ, சில செயற்கைப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து தோலை நினைவூட்டுகின்றன. ஆகவே பதனிட்ட தோல் மணம் என்று இரண்டு சொல் கூடுதலாகச் செலவழித்தே ஆக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தோல் ஷாப்பின் (பதனிடும் ஆலையின்) வாடை வேறு நினைவுக்கு வரும் என்பதையும் எழுதுகிறவர் மனத்தில் கொள்வது நல்லது.

‘வானிலை மாலைகள்’ என்பதைப் பக்கத்தில் ரோஜாவோடு சேர்த்துப் படித்தால் பூமாலை என்றுதான் ஆகும். மாலைப்பொழுது என்று எழுத நான்கு எழுத்துச் சோம்பல். ‘மற்றும்’ செய்ததை ‘உம்’ செய்திருக்கும். ‘வாசனை திரவிய’த்தில் ஒற்று போயிற்று, வேறு சிலர் அதைத் ‘திரவம்’ என்றும் எழுதுகிறார்கள். திரவம் நீர்மம்; திரவியம் பொருள், செல்வம். ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்று படித்தவர்கள்தானே நாம்? இயந்திரம் மொழிபெயர்த்தது என்பது இப்போது எல்லாருக்கும் வாய்த்த சாக்கு. இயந்திரம் தந்ததைப் படித்துப் பார்க்காமல் வெளியிட்டது ஒரு மனிதர். ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.

குளிருக்கு ஏன் இந்த மணம் என்பதற்கும் நம்மிடம் விடை இருக்கிறது. குளிரில் மணம் மெதுவாக எழும். கனத்த சரக்குகளே தாங்கும். சங்க நூலான நெடுநல்வாடையில் வாடைக்காலப் பெண்கள் சந்தனத்தை விலக்கி, பூவைக் குறைத்து, தகரக் கட்டையில் நெருப்பமைத்து அகிலும் அயிர் என்ற மணப்பொருளும் புகைக்கிறார்கள். ‘பெர்ஃபியூம்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்கும் புகையின் வழியே என்றுதான் பொருள்.

அந்த வரியை நான் இப்படி எழுதுவேன்: ‘குளிர்கால மாலைப்பொழுதுக்கு: பதனிட்ட தோலும் ரோஜாவும் பஞ்சவாசமும் மணக்கும் வாசனைத் திரவியம்.’