ஜீப்ரா கிராசிங்: வரிக்கடவை

சாலையின் குறுக்கே ஆட்கள் நடந்து கடப்பதற்காக வெள்ளைப் பட்டைகள் போட்ட இடம்தான் ஜீப்ரா கிராசிங். நம் ஊர் சிக்னல்களில் முன்வரிசை பைக்குகள் ஏறி நிற்கும் இடம் என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் புரியும்.

பெயரும் பட்டையும் பிரிட்டனில் பிறந்தவை. அங்கே 1934 வாக்கில் கடக்கும் இடங்களைச் சாலையில் பதித்த உலோகக் குமிழ்களாலும், ஓரத்தில் நட்ட மஞ்சள் உருண்டை விளக்குக் கம்பங்களாலும் காட்டினார்கள். அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷாவின் பெயராலேயே அந்தக் கம்பங்களுக்கு பெலிஷா பீக்கன் என்று பெயர். குமிழ்களில் ஒரு சிக்கல்: நடப்பவர் கண்ணுக்குத் தெரிந்தன, வண்டியோட்டி கண்ணுக்குக் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தன. அதனால் 1949இல் பட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் நீலமும் மஞ்சளும்கூட இருந்தன. 1951இல் கருப்பு வெள்ளைப் பட்டை சட்டமாயிற்று. பின்னாளில் பிரதமரான ஜேம்ஸ் கேலகன்தான் அதை வரிக்குதிரையோடு ஒப்பிட்டவர் என்று ஒரு கதை உண்டு.

அதாவது, அந்தப் பட்டை முதலில் வண்டியோட்டிக்கான எச்சரிக்கை. நடப்பவருக்கு வழிகாட்டுவது இரண்டாவது வேலைதான். பிரிட்டனில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பதுதான் ஜீப்ரா. அதில் ஒருவர் கால் வைத்துவிட்டால் வண்டி நின்றாக வேண்டும். விளக்கு வைத்த கடவைக்குப் பெயரே வேறு, பெலிகன். 1969இல் வந்தது. அதற்கப்புறம் பஃபின், டூக்கன் என்று ஒரு பறவைக் கூட்டமே வந்து சேர்ந்தது.

இந்தியாவில் சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாமே ஜீப்ராதான். அதனால் சிவப்பு விழுந்தால் மட்டும் நிற்க வேண்டிய இடம் என்ற எண்ணம் ஊறிவிட்டது. சிக்னல் இல்லாத கடவையில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அண்ணா சாலையில் அதை நம்பி யாரும் காலை எடுத்து வைப்பதில்லை என்பது வேறு கதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பாதசாரிகள் கடக்கும் இடம்' என்று பலகையில் எழுதுகிறார்கள். அது விளக்கம், பெயராகப் புழங்க நீளம். 'நடைபாதை' என்பதும் சரிவராது, அது சாலையோர பிளாட்பாரத்தைக் குறிக்கும் சொல்.

இலங்கையில் இந்தத் தவிப்பு இல்லை. அங்கே பாதசாரிக் கடவை, பேச்சில் மஞ்சள் கடவை. மஞ்சள் பட்டையாக இருந்ததால் வந்த பெயர். வெள்ளையாக மாறிய இடங்களிலும் பழைய பெயரே ஓடுகிறது. லெவல் கிராசிங்குக்கும் அவர்களிடம் புகையிரதக் கடவை என்ற சொல் இருக்கிறது. 'கட' என்ற வினையிலிருந்து வந்த கடவை, கடக்கும் வழியைக் குறிக்கும் பழைய சொல். கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் இதே குடும்பம்தான், ஆகவே தமிழ்நாட்டுக் காதுக்கும் அந்நியமாக ஒலிக்காது.

'வரிக்குதிரைக் கடவை' என்று முழுசாக மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் குதிரை தேவையாகப் படவில்லை. வரி என்றாலே உடம்பில் ஓடும் கோடுதான். சங்கப் பாட்டில் புலிக்கே கொடுவரி என்று பெயர். எனவே வரிக்கடவை என்பதே போதும். விளக்கு உள்ள இடத்தைச் சிக்னல் கடவை என்று பிரித்துச் சொல்லலாம். பெலிகனைத் தமிழில் கூழைக்கடா ஆக்கி அவதிப்பட வேண்டாம்.

பயன்பாடு: 'பள்ளி வாசலில் வரிக்கடவை அழிந்துவிட்டது, புதிதாகப் பெயின்ட் அடிக்க மாநகராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம்.'